கிணற்றுக்கு இரண்டு பேராக

அயர்லாந்தில் ஒரு நாட்டுப்புற மாவட்டத்தை எனக்கு அக்கு வேறு ஆணி வேறாகத் தெரியும். இடிந்த மடாலயத்துக்குச் சாவி யார் வீட்டில் இருக்கிறது, வட்டக் கோபுரத்தின் வாசல் ஏன் இரண்டு ஆள் உயரத்தில் இருக்கிறது, கோட்டைக்குப் பக்கத்துக் கழிப்பறையில் எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, எல்லாம் சொல்வேன். நான் அங்கே போனதில்லை. யாங்கூனில், க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பின்னால் ஒரு இரண்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, இரண்டரை வருஷம் அந்த மாவட்டத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வழி சொன்னேன். என் பெயரில் இல்லை, என் தோழியின் பெயரில்.

தோழி என்றுதான் இப்போதும் எழுதுகிறேன். வேறு சொல் ஒன்றிரண்டு வாயில் வருகிறது, அதையெல்லாம் எழுத முடியாது.

அவளும் நானும் நகரத்துக்குள் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். இரண்டு பேருடைய தாத்தாக்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்கள். அவள் வீடு ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. பாதி வாக்கியத்தில் பர்மிய மொழிக்குத் தாவிவிடுவாள். வெள்ளைக்காரர்களிடம் நான் பேசினால் விஷயம் புரியும், அவள் பேசினால் அவர்களுக்கு அவளைப் பிடித்துப்போகும். அப்படித்தான் நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பிறகு ஊருக்குப் பயணிகள் வருவது நின்றது. ஹோட்டலை மூடினார்கள். ஒரே நாளில் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம்.

அந்த அயர்லாந்து வேலையைத் தேடிப் பிடித்தது அவள்தான், அதை மறைக்க மாட்டேன். அந்த மாவட்டத்தின் சுற்றுலா அலுவலகம் மிகச் சின்னது. ஒரு மேலாளர் அம்மாள், ஒரு கணினி, வாசலில் ஒரு நாய், அவ்வளவுதான். அமெரிக்காவிலிருந்து பூர்வீகம் தேடி வருகிறவர்கள் அயர்லாந்து தூங்குகிற நேரத்தில்தான் கேள்வி அனுப்புவார்கள். அவர்களுக்கு உடனே பதில் எழுத ஓர் ஆள் வேண்டும். அங்கே நடு இரவு என்றால் எங்களுக்கு விடிந்திருக்கும். தோழி விண்ணப்பித்தாள், கிடைத்தது.

ஆனால் ஓர் ஆளால் செய்ய முடியாது. யாங்கூனில் மின்சாரம் முறை வைத்து வரும். இந்தப் பக்கம் நாலு மணி நேரம் இருந்தால் அந்தப் பக்கம் இருக்காது. எங்கள் அதிர்ஷ்டம், எங்கள் வட்டாரத்தில் விளக்குப் போகிற நேரத்தில்தான் டாலாவில் அவள் தெருவுக்கு வரும். காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை எனக்கு என்றால் ஒன்பதிலிருந்து ஒன்று வரை அவளுக்கு. மறுநாள் மாறும். அதனால் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட், இரண்டு பெண்கள். ஒன்பது மணிக்கு என் மின்விசிறி நின்றதும் போனை எடுப்பேன்.

"மீ லாபி!" என்று அக்கரையில் அவள் கத்துவாள். விளக்கு வந்துவிட்டது என்று ஊரே அப்படித்தான் கத்தும்.

"பாஸ்டன்காரர் மூணாவது தடவையா கேட்டிருக்காருடி. அவரு தாத்தா கல்லறை மடாலயத்துல வடக்குச் சுவரோரம். புல்லு வெட்டியாச்சுன்னு சொல்லிடு."

"யா பாதே, நான் பாத்துக்கிறேன்" என்பாள். சரி சரி, கவலைப்படாதே என்று அர்த்தம். அந்த யா பாதேயை நம்பித்தான் என் இரண்டரை வருஷமும் ஓடியது.

ஏன் அவள் பெயர் என்று கேட்கலாம். வேலைக்குப் பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். என் குடியுரிமை அட்டை பச்சை நிறம், பர்மியத் தாய்க்குப் பிறந்த அவளுடையது ரோஜா நிறம். ரோஜா என்றால் இந்த ஊர்க்காரர். பச்சை என்றால், இருந்துவிட்டுப் போங்கள் என்று விடப்பட்டவர். நான் பாஸ்போர்ட்டுக்குப் போய் நின்றால், அப்பாவின் அப்பா எந்தக் கப்பலில் வந்து இறங்கினார், காகிதம் எங்கே என்பார்கள். மூட்டை தூக்க வந்தவர் காகிதமா வைத்திருந்தார்? இரண்டு முறை போய் நின்றேன், பிறகு விட்டுவிட்டேன். ஆகவே பெயர் அவளுடையது என்று முடிவானது. சம்பளத்தை அவள் சரிபாதியாகக் கொடுத்தாள், காசு விஷயத்தில் அவள் மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன்.

முதலில் எனக்கும் அது வெறும் வேலைதான். பிறகு எப்படியோ அந்த மாவட்டம் வீட்டுக்குள் வந்துவிட்டது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதன் வரைபடத்தை நானே வரைந்து சமையலறையில் ஒட்டினேன். சதுப்பு நிலத்தின் மேல் பலகை போட்ட நடைபாதை, பஞ்ச காலத்தில் ஏழைகளை அடைத்து வைத்த கல்கட்டடம், கால்வாயில் போகும் பழைய படகு, எல்லாம் பென்சிலில். அம்மா மீன் கழுவிக்கொண்டே, "இன்னைக்கு அங்க மழையா?" என்று கேட்பாள். தினமும் மழைதான்.

மடாலயத்துச் சாவியை வைத்திருக்கிற பெரியவரிடம் நானே இணையத்தில் போன் போட்டுப் பேசுவேன். அந்த ஊர் வழக்கம் அது. இடிபாட்டுக்கு ஒரு காவலாளி போடுவதில்லை. பக்கத்து வீட்டில் ஒருவர் சாவியை வைத்திருப்பார், போய்க் கதவைத் தட்ட வேண்டும். முன்கதவைத் தட்டினால் அவருக்குக் கேட்காது, பின்பக்கம் போக வேண்டும். வியாழக்கிழமைகளில் கண் மருத்துவரிடம் போய்விடுவார், அன்றைக்குச் சாவி எதிரே மாடு வைத்திருப்பவர் வீட்டில் இருக்கும். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடையாது. அவர் உச்சரிப்பில் பாதி எனக்குப் புரியாது, என் உச்சரிப்பில் பாதி அவருக்கு. ஆனாலும் அரைமணி நேரம் பேசுவோம். அவர் என்னை என் தோழியின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஒவ்வொரு முறையும் எனக்கு எங்கோ சுருக்கென்று இருக்கும்.

மடாலயத்து வேலிக்குள் ஒரு புனிதக் கிணறு இருக்கிறது, ஒரு பெண் துறவியின் பெயரில். அதன் மேல் சாய்ந்திருக்கும் முள்மரத்தில் துணிக் கீற்றுகளைக் கட்டுவார்கள். வலிக்கிற இடத்தில் அந்தத் துணியை வைத்து எடுத்துக் கட்ட வேண்டும். துணி நைந்து போகப் போக வலியும் போய்விடுமாம். அலுவலகத்தின் இணையதளத்தில் இந்தக் கிணற்றைப் பற்றி இரண்டே வரி இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தெருமுனை அரசமரத்தில் பிள்ளை வரம் கேட்டுத் துணி கட்டியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. தோழி படகேறி வந்து என் கட்டிலில் சாய்ந்து தேயிலைச் சாலட் தின்றுகொண்டிருந்தாள். கடைசியாக இப்படி எழுதினேன்: "கிணற்றுக்கு இரண்டு பேராகப் போவது நல்லது. கல் வழுக்கும். ஒருத்தி குனிந்து துணி கட்டும்போது இன்னொருத்தி அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம்."

படித்துக் காட்டினேன். "இது நாமதானே?" என்று சிரித்தாள்.

"பின்ன யாரு?"

அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு நிறையப் பேர் கிணற்றைத் தேடி வந்தார்கள். மேலாளர் அம்மாள் என் தோழியின் பெயர் போட்டு ஒரு நீளமான பாராட்டுக் கடிதம் எழுதினார். கொஞ்ச நாளில் அழைப்பும் வந்தது. கோடையில் பாரம்பரிய விழா நடத்துகிறார்கள், கிணற்றுப் பக்கத்தை எழுதியவர் நேரில் வந்து பேச வேண்டும், பயணச் செலவு அவர்களுடையது, தங்குவது மேலாளர் வீட்டில்.

எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் என்னால் போக முடியாது என்பது எனக்கு முன்னாலேயே தெரிந்த விஷயம், பச்சை அட்டைக்கு எவனும் விமானம் விட மாட்டான். நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான். அங்கே போய் என் பெயரைச் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு பேர், கிணற்றுப் பக்கத்தை எழுதியவள் இன்னொருத்தி, அவள் பெயர் இது என்று ஒரு தடவை, மேலாளர் அம்மாளிடமும் சாவிக்காரப் பெரியவரிடமும். நாங்கள் செய்ததும் ஒரு வகை ஏமாற்றுதான், ஒத்துக்கொள்கிறேன். அதை முடித்து வைக்க இதைவிட நல்ல நேரம் இல்லை என்று நினைத்தேன்.

"மெயில்ல சொன்னா பயந்துடுவாங்கடி. நேர்ல, டீ குடிக்கிறப்ப நானே சொல்றேன். முதல் நாளே சொல்றேன்" என்றாள்.

"மறந்துடாத."

"உன் பேர மறப்பனா? யா பாதே."

அம்மாவுக்கு முழங்கால் வலி. கிணற்றின் கதையைக் கேட்டதிலிருந்து அவளுக்கு ஓர் ஆசை. "பொம்பள சாமிதானே? அப்போ கேக்கும்" என்று தன் பழைய பச்சைப் பூப்போட்ட லுங்கியிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து, முழங்காலில் ஒரு ராத்திரி கட்டி வைத்திருந்து, காலையில் மடித்துத் தோழியின் கையில் கொடுத்தாள். தோழி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்தாள். மிங்கலாடோன் விமான நிலையம் வரைக்கும் நான் கூடப் போனேன். டாக்ஸியில் வழி முழுக்க அவளுக்குப் பாடம் எடுத்தேன். முன்கதவைத் தட்டாதே, பின்பக்கம் போ. கோபுர வாசலைப் பற்றிக் கேட்டால் கொள்ளைக்காரருக்குப் பயந்து உயரத்தில் வைத்தார்கள் என்கிற கதையை மட்டும் சொல்லாதே, அது மணிக்கோபுரம் என்றுதான் படித்தவர்கள் சொல்கிறார்கள். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

அவள் அங்கே இருக்கும் பத்து நாளும் மெயிலைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நியாயம்தான். அவள் அங்கே இருக்கும்போது பதில் அங்கிருந்துதான் போக வேண்டும்.

முதல் நாள் குரல் செய்தி அனுப்பினாள். மழை, குளிர், நாய் கடிக்க வந்தது. சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். இன்னும் நேரம் கிடைக்கவில்லை என்றாள். மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே இன்னொன்று அனுப்பினாள்: "சாவிக்காரரு இருக்காரே, பயங்கரமான ஆளுடி. போன்ல பேசின குரல் இது இல்லையேன்னு கேட்டுட்டாரு. தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லிச் சமாளிச்சேன்." நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் என்ன கேட்டுச் சிரித்தேன் என்று உறைத்தது. உண்மையைச் சொல்ல அந்தப் பெரியவரே கதவைத் திறந்து விட்டிருக்கிறார். அவள் அதைச் சாத்தியிருக்கிறாள்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணி. எங்கள் பக்கத்துக்கு முறையே இல்லாத நேரத்தில் விளக்கு வந்தது. தெருவே மீ லாபி என்று கத்தியது. யாங்கூன்காரர்களுக்கு இது ஒரு நோய். எதிர்பாராமல் மின்சாரம் வந்தால் ஒருத்தி தண்ணீர் மோட்டாரைப் போட ஓடுவாள், ஒருத்தி அரிசியைக் குக்கரில் போடுவாள், நான் கணினியைத் திறப்பேன். கை தானாகத் திறந்தது. அதில் ஒரு மெயில் நின்றது. ஒரு பெண், நடக்க முடியாத தாயைக் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்குக் கிணற்றுக்கு வருகிறாள். மத்தியானம் அவர்களுக்கு விமானம், மறுபடி வர வாய்ப்பில்லை. சாவி கிடைக்குமா?

அன்று வியாழக்கிழமை. அங்கே விடிய இன்னும் நேரம் இருந்தது. தோழி தூங்கிக்கொண்டிருப்பாள். எழுந்து பார்த்தாலும் வியாழக்கிழமை விஷயம் அவளுக்கு நினைவிருக்காது, அந்தப் பெரியவரோடு பேசியது நான். அந்தத் தாயும் மகளும் மழையில் பூட்டிய கேட்டின் முன்னால் நிற்பது என் கண்ணில் வந்துவிட்டது. அம்மாவோ உள்ளே முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வரி எழுதினேன்: எதிரே மாடு வைத்திருப்பவர் வீட்டில் கேளுங்கள், இரண்டு பேராகத்தானே வருகிறீர்கள், நல்லது. வழக்கம்போல அவள் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

அந்தப் பெண் நன்றியுள்ளவள், அதுதான் வினையாகப் போயிற்று. கிணற்றைப் பார்த்துவிட்டு நேரே அலுவலகத்துக்குப் போய் என் தோழியின் கையைப் பிடித்து, விடிகாலை நாலரை மணிக்குப் பதில் எழுதினீர்களே, நீங்கள் தூங்குவதே இல்லையா என்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் மேலாளர் அம்மாள். தோழியின் கணினி ராத்திரி முழுக்க அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தது, தோழி அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படியானால் எழுதியது யார்?

என் பெயரைச் சொல்ல இதைவிடச் சௌகரியமான இடத்தை யாரும் அவளுக்குச் செய்து கொடுத்திருக்க முடியாது.

மறுநாள் காலை என் முறைக்கு விளக்கு வந்ததும், தொடாதே என்றதை மறந்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். மேலாளர் அம்மாள் எங்கள் முகவரிக்கே, அதாவது எனக்கு, எழுதியிருந்தார். "இந்தக் கணக்குக்குள் அனுமதியில்லாமல் நுழைபவருக்கு" என்று தொடங்கியது. எப்போதோ கணினியை இரவல் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திக்குக் கடவுச்சொல் தெரிந்திருக்கலாம் என்று இந்தக் கணக்குக்கு உரியவர் எங்களிடம் விளக்கினார். மிகவும் வருந்தினார். உங்கள் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் இத்துடன் விடுகிறோம். இன்று மாலை கடவுச்சொல் மாற்றப்படும்.

அவளே எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறாள். நடவடிக்கை வேண்டாமாம்! எனக்கு அழுகை வரவில்லை, கோபத்தில் காது அடைத்துக்கொண்டது. மாலை வரைக்கும் கதவு திறந்திருக்கிறது, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாங்கள் இரண்டு பேர், கிணற்றுப் பக்கத்தை எழுதியது நான், என் பெயர் இது என்று எழுதிப் பார்த்தேன். திரும்ப வாசித்தால், திருட்டுத்தனமாக நுழைந்த ஒருத்தி மாட்டிக்கொண்டதும் எதை எழுதுவாளோ அச்சு அசல் அப்படியே இருந்தது. இரண்டரை வருஷத்து வேலையில் என் பெயர் போட்ட காகிதம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. என் தாத்தாவைக் காகிதத்துக்காகத் திட்டிக்கொண்டிருந்தேனே, நானும் அதையேதான் செய்து வைத்திருக்கிறேன். எழுதியதை அழித்தேன்.

தோழிக்கு ஒரே ஒரு வரி அனுப்பினேன். பக்கத்து வீட்டுக்காரியா?

சாயங்காலம் குரல் செய்தி வந்தது. "என்னடி பண்றது? எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. இங்கயே ஒரு வருஷம் வேலை தரேன்னு அதுக்கு முந்தின நாள்தான் சொல்லியிருந்தாங்க. நீ எதுக்கு மெயில்ல கைய வெச்ச? தொடாதன்னு சொன்னேன்ல? நானே மெதுவா சொல்லியிருப்பேன்." பின்னால் நாய் குரைத்தது. "உன்னாலதான் வர முடியாதே" என்று முடித்தாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அவளை எப்போதாவது மன்னிக்கத் தோன்றினால் எடுத்துக் கேட்பேன், உடனே சரியாகிவிடும்.

பத்து நாளில் அவள் திரும்பவில்லை. இணையதளத்தில் அவள் படத்தைப் போட்டார்கள். முள்மரத்தடியில் மழைக்கோட்டோடு நின்று ஒரு துணிக் கீற்றைக் கட்டுகிறாள். பச்சைப் பூப்போட்ட துணி. எங்கள் கிணற்றுப் பக்கத்தை எழுதியவர், யாங்கூனிலிருந்து கொண்டுவந்த துணியைத் தன் தாய்க்காகக் கட்டுகிறார் என்று கீழே எழுதியிருந்தது. அவள் அம்மா செத்து எட்டு வருஷமாகிறது.

அம்மாவுக்குப் படத்தைக் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "என் துணிதான்! கட்டிட்டா பாரு, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டா" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கு மாடிப்படியில் இரண்டு தடவை இறங்கி ஏறினாள். படத்தின் கீழே எழுதியிருந்ததை நான் இன்று வரை அவளிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு சமையலறை வரைபடத்தைக் கழற்றினேன். இப்போது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனாலும் வியாழக்கிழமை வந்தால், சாவி எதிர்வீட்டில் என்று மனசு தானாகச் சொல்கிறது. அந்த மாவட்டம் அவளோடு போகவில்லை, என்னிடம்தான் கிடக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். என் சொந்த முகவரியிலிருந்து, என் சொந்தப் பெயரில், அந்த அலுவலகத்துக்கு ஒரு விசாரணைக் கடிதம் போட்டேன். அந்த மாவட்டத்துக்கு என் பெயர் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. யாங்கூனிலிருந்து எழுதுகிறேன், ஒரு வியாழக்கிழமை கிணற்றைப் பார்க்க வர விருப்பம், தனியாகத்தான் வருவேன், சாவி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

மறுநாள் பதில் வந்தது. அன்புள்ள என்று போட்டு என் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். எங்கள் மாவட்டத்தின் மேல் தாங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி. வியாழக்கிழமைகளில் சாவி எதிரே மாடு வைத்திருப்பவர் வீட்டில் இருக்கும். எல்லாம் என் வாக்கியங்கள், ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. தனியாக வருகிறேன் என்று நான் எழுதியிருந்ததற்குக் கீழே, அதையும் அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள்: கிணற்றுக்கு இரண்டு பேராகப் போவது நல்லது. கல் வழுக்கும். ஒருத்தி குனிந்து துணி கட்டும்போது இன்னொருத்தி அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

கீழே அவள் பெயர் இருந்தது. வேறு ஒரு வார்த்தையும் இல்லை.